நத்தை விஷத்தில் ஒரு வலி மருந்து: அப்பாவுக்குக் கிடைக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. ராத்திரி தூக்கமே இல்லை. டாக்டர் 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பழகிவிடுமோ என்று பயந்து பாதியாக உடைத்துத்தான் கொடுக்கிறோம். மீன் பிடித்துத் தின்னும் ஒரு கடல் நத்தையின் விஷத்திலிருந்து, மார்ஃபினைவிட 1,000 மடங்கு சக்தியுள்ள, அடிமையாக்காத வலி மருந்து வந்திருப்பதாகப் படித்தேன். டாக்டரைக் கேட்டால் "அது இங்கே கிடைக்காதும்மா" என்று முடித்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா? என் தம்பி அந்தமானில் வேலை செய்கிறான். அங்கே அந்த நத்தையைப் பிடிக்கலாம் என்கிறான். சொந்தக்காரர் ஒருவர் ஓட்டைப் புடம் போட்டுப் பஸ்பமாக்கித் தருகிறேன் என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. அந்த நத்தையில் இன்சுலினும் இருக்கிறதாமே?
ஒரு மகள், திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பாதி மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நத்தை அப்புறம். 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் அது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் வகை மாத்திரை. உடைத்தாலோ பொடித்தாலோ அந்த அமைப்பு கெட்டுவிடும். அரை நாளுக்குப் பரவி வர வேண்டிய மருந்து வேகமாக உடம்பில் இறங்கி, வேகமாகத் தீர்ந்தும் போகும். மாத்திரை போட்டதும் அப்பா சொக்கிக் கிடப்பதும், நடுராத்திரியில் வலியோடு விழித்துக்கொள்வதும் இதனால்கூட இருக்கலாம். இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இதுவரை பாதிதான் கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லி, எந்த அளவில் முழு மாத்திரையாகக் கொடுப்பது என்று கேளுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். வலி மருத்துவம் பார்க்கும் எங்களிடம் வருகிற குடும்பங்களில் பல பேர் இதைத்தான் செய்கிறார்கள், அன்பினால்தான் செய்கிறார்கள்.

இனி நத்தைக்கு வருகிறேன். நீங்கள் படித்தது பொய்யில்லை. அந்த மருந்தின் பெயர் ஜிகோனோடைட். பிரையால்ட் என்ற வணிகப் பெயரில் வருகிறது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவும் கொடுத்தது. ஆனால் உங்கள் அப்பாவின் இன்றைய நிலையில் அடுத்ததாக எடுத்து வைக்க வேண்டிய அடி அது இல்லை. ஏன் என்று புரிய, அந்த விஷம் உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறையாத விஷயம் இது.

கூம்பு நத்தைகள் வெப்பக் கடல்களில் வாழ்பவை. 900-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை கடற்புழுக்களைத் தின்கின்றன, சில மற்ற நத்தைகளைத் தின்கின்றன. மீன் பிடிப்பவை சிறுபான்மைதான். ஆலன் கோன் என்ற விலங்கியலாளர் ஹவாயில் கோனஸ் ஸ்ட்ரையேட்டஸ் என்ற நத்தை உயிருள்ள மீனைக் குத்திச் செயலிழக்க வைத்து விழுங்குவதைப் பார்த்து 1956-ல் எழுதிய பிறகுதான் இது அறிவியல் உலகத்துக்கு உறுதியாயிற்று.

அந்த வேட்டையில் உள்ள சிக்கலை யோசித்துப் பாருங்கள். நத்தையால் நீந்த முடியாது, துரத்த முடியாது. மீனோ வாலை ஒரு தரம் வீசினால் போதும், கைக்கு எட்டாத தூரம் போய்விடும். அப்புறம் அது செத்தாலும் நத்தைக்குப் பயன் இல்லை. வேறு யாராவது தின்றுவிடுவார்கள். ஆகவே குத்திய அந்த நொடியிலேயே மீன் நின்றாக வேண்டும். அதற்கென்று நத்தையின் பல்லே மாறியிருக்கிறது. ஒவ்வொரு பல்லும் உள்ளே துளையும் நுனியில் கொக்கியும் உள்ள ஒரு சிறு ஈட்டி. நீண்டு வளையும் குழல் போன்ற மூக்கின் நுனியில் ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு, மீனைத் தொட்டதும் பாய்ச்சுகிறது. உடம்புக்குள் சுருண்டு கிடக்கும் விஷக்குழாயின் ஒரு முனையில் தசைப்பை ஒன்று உண்டு. அது சுருங்கி விஷத்தைத் தள்ளுகிறது. ஒரு பல் ஒரு வேட்டைக்கு. அடுத்த தடவைக்குப் புதுப் பல்.

விஷம் என்றதும் நாம் ஒரே ஒரு பொருளை நினைக்கிறோம். இங்கே அப்படி இல்லை. ஒரு நத்தையின் விஷத்தில் நூறுக்கும் மேற்பட்ட பெப்டைடுகள் இருக்கின்றன. பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதம். இவற்றில் பெரும்பாலானவை 10 முதல் 40 அமினோ அமிலங்கள் நீளமே கொண்டவை. நடுநடுவே கந்தகப் பிணைப்புகள் கட்டிப்போட்டிருப்பதால் உருவம் குலையாமல் விறைப்பாக நிற்கும். அந்த உருவத்தினால்தான் ஒவ்வொன்றும் நரம்பிலோ தசையிலோ உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் போய்ப் பொருந்துகிறது, பக்கத்தில் உள்ள அதன் உறவுக்காரப் புரதத்தைத் தொடுவதில்லை. இவ்வளவு குறி தப்பாத மருந்தை மனிதர்கள் வேதியியல் கூடத்தில் உட்கார்ந்து செய்வது மிகவும் கடினம்.

கிழக்குப் பசிபிக்கில் வாழும் கோனஸ் பர்ப்யூராசென்ஸ் என்ற நத்தையில் இந்தப் பெப்டைடுகள் கூட்டு சேர்ந்து வேலை செய்வதை ஆராய்ச்சியாளர்கள் 1996-ல் விளக்கினார்கள். முதலில் இறங்குவது இரண்டு பேர். டெல்டா வகைப் பெப்டைடு, நரம்பின் சோடியம் வாயில்களை மூட விடாமல் திறந்தே வைக்கிறது. கப்பா வகைப் பெப்டைடு பொட்டாசியம் வாயில்களை அடைக்கிறது. சோடியம் உள்ளே வந்து நரம்பு தூண்டப்படும். பொட்டாசியம் வெளியேறினால்தான் அது அடங்கும். தூண்டுவது நிற்கவில்லை, அடங்கவும் வழியில்லை என்றால் என்ன ஆகும்? குத்திய இடத்தைச் சுற்றியுள்ள நரம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிப்பாகச் செய்தி அனுப்பும். ஒன்றிரண்டு நொடிக்குள் மீன் துடுப்புகளை விரித்தபடி விறைத்துப்போய் நிற்கிறது.

இந்த விறைப்பு மட்டும் போதாது. மெதுவாகப் பரவும் இரண்டாவது அணி பின்னால் வருகிறது. நரம்பு தசையைத் தொடும் இடம்தான் அதன் இலக்கு. ஒமேகா வகை, நரம்பு முனையிலிருந்து ரசாயனச் செய்தி வெளியேறுவதைத் தடுக்கிறது. ஆல்ஃபா வகை, தசையில் அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பியை அடைக்கிறது. மியூ வகை, தசையின் சோடியம் வாயிலையே மூடுகிறது. ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடிக்கும். விறைத்த மீன் துவண்டு போகிறது. நத்தை நிதானமாக விழுங்குகிறது.

வலி மருந்து வந்தது இந்த ஒமேகா வகையிலிருந்துதான். அதைக் கண்டுபிடித்த கதையைக் கொஞ்சமாவது சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பால்டோமேரோ ஒலிவேரா பிலிப்பைன்ஸ்காரர். அமெரிக்காவில் டி.என்.ஏ. ஆராய்ச்சி செய்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பினார். அந்த ஆராய்ச்சியைத் தொடர அங்கே கருவிகள் இல்லை. இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது எது என்று பார்த்து, உள்ளூர்க் கடலில் கிடைக்கும், ஆளைக் கொல்லும் என்று பெயர் வாங்கிய நத்தையை எடுத்தார். லூர்தெஸ் குரூஸும் அவரும் சேர்ந்து விஷத்தைப் பிரித்து எலிகளின் வயிற்றில் செலுத்தி, தசைகளை முடக்கும் பெப்டைடுகளை அடையாளம் கண்டார்கள்.

பின்னால் அவர் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கிரெய்க் கிளார்க் என்ற மாணவர் விஷத்தின் ஒவ்வொரு பகுதியையும் நேராக எலியின் மூளைக்குள் செலுத்திப் பார்த்தார். ஒன்று எலியைத் தூங்க வைத்தது, ஒன்று நடுங்க வைத்தது, ஒன்று சொறிந்துகொள்ள வைத்தது. தூங்க வைத்த பெப்டைடு பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டிகளைத்தான் தூங்க வைத்தது. வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தால் அவை நிலைகொள்ளாமல் ஓடின. விஷம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு திரவத்துக்குள் மூளையின் தனித்தனி வேலைகளைத் தொட்டுப் பார்க்கும் கருவிகள் இத்தனை இருந்தன. அதே ஆய்வுக்கூடத்தில் இளங்கலை மாணவராக இருந்த மைக்கேல் மெக்கின்டாஷ், கோனஸ் மேகஸ் என்ற சிறிய மீன்தின்னி நத்தையின் விஷத்திலிருந்து 25 அமினோ அமிலங்களும் மூன்று கந்தகப் பிணைப்புகளும் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார். அதுதான் இன்றைய ஜிகோனோடைட். மருந்துக்காக இப்போது யாரும் நத்தை பிடிப்பதில்லை. நத்தையில் உள்ளதை அப்படியே ஆய்வுக்கூடத்தில் தொகுத்துச் செய்கிறார்கள். இதை உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள்.

சரி, மீனை முடக்கும் பொருள் மனிதனின் வலியை எப்படி நிறுத்துகிறது? அப்பாவின் இடுப்பெலும்பில் உள்ள வலி நரம்பு முதுகுத் தண்டு வரை வந்து அங்கே முடிகிறது. அடுத்த நரம்பு மூளைக்குச் செய்தியை எடுத்துப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழையைவிடச் சிறிய ஓர் இடைவெளி. ஆற்றின் இக்கரை வரை நடந்து வந்த ஆள் தோணி ஏறித்தான் அக்கரை போக முடியும் என்பது மாதிரி, மின்துடிப்பாக வந்த வலி இங்கே ரசாயனமாக மாறித்தான் தாண்ட முடியும். அந்த ரசாயனம் வெளியே வர, நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைய வேண்டும். முதுகுத் தண்டில் வலி நரம்புகளின் முனையில் கால்சியத்தை உள்ளே விடும் முக்கியமான வாயிலுக்கு 'என்' (N) வகைக் கால்சியம் வாயில் என்று பெயர். ஜிகோனோடைட் போய் உட்கார்ந்து அடைப்பது அதைத்தான்.

அப்படியானால் நம் கைகால்களும் மீனைப் போல முடங்கிப் போகாதா என்று கேட்பீர்கள். மீன், தவளை போன்றவற்றில் நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போவதற்கும் இதே 'என்' (N) வகை வாயில்தான் வேலை செய்கிறது. பாலூட்டிகளில் அந்த வேலையைச் செய்வது வேறொரு வகை வாயில். அதை இந்தப் பெப்டைடு கண்டுகொள்வதில்லை. மீனுக்கு முடக்கு விஷமாக இருப்பது நமக்கு வலி மருந்தாக முடிந்ததற்கு இந்த ஒரு வித்தியாசம்தான் காரணம்.

மார்ஃபினும் இதே வாயிலைத்தான் ஓரளவு தடுக்கிறது என்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அது நேராகப் போய் அடைப்பதில்லை. தன் ஏற்பியில் ஒட்டி, அந்த ஏற்பி செல்லுக்குள் அனுப்பும் சமிக்ஞை வழியாக வாயிலை அடக்குகிறது. நாளாக ஆக அந்த ஏற்பிக்கு மார்ஃபின் பழகிப்போகிறது, அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஜிகோனோடைட் இடையில் யாரையும் கேட்காமல் வாயிலிலேயே உட்காருவதால் அப்படிப் பழகுவதில்லை. மூச்சையும் அமுக்குவதில்லை. திடீரென்று நிறுத்தினாலும் மார்ஃபினை நிறுத்தும்போது வரும் உடல் தவிப்பு வராது. நீங்கள் படித்த 'அடிமையாக்காத மருந்து' என்பது இதுதான். அது சரியான தகவல்.

ஆனால் அந்த 1,000 மடங்கு எனக்கு வருத்தம் தருகிற எண். அதைப் படிக்கிற எவரும் 1,000 மடங்கு வலி குறையும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது சொல்வது எடையை மட்டும்: அதே வேலைக்கு எத்தனை குறைந்த மருந்து போதும் என்பதை. ஜிகோனோடைடை ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராமுக்கு மேற்படாமல் ஆரம்பித்து, மெதுவாகக் கூட்டி, அதிகபட்சம் 19.2 மைக்ரோகிராம் வரைதான் கொடுப்பார்கள். மார்ஃபின் மாத்திரையை மில்லிகிராமில், அதாவது 1,000 மடங்கு பெரிய அலகில், கொடுக்கிறோம். அளவு சின்னது என்பதால் நிவாரணம் பெரியது என்று ஆகாது.

நிவாரணம் எவ்வளவு என்பதற்கு வேறு எண்கள் உண்டு. புற்றுநோய் அல்லது எய்ட்ஸ் காரணமாகக் கடும் வலியில் இருந்த 111 பேரிடம் நடத்திய ஆய்வு 2004-ல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் வலி மதிப்பெண் சராசரியாக 53 சதவீதம் குறைந்தது. போலி மருந்து பெற்றவர்களுக்கு 18 சதவீதம். நல்ல முடிவுதான், ஆனால் அளவை வேகமாகக் கூட்டியதால் பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன. அளவை மிக நிதானமாகக் கூட்டி 220 பேரிடம் நடத்திய அடுத்த ஆய்வு 2006-ல் வந்தது. அதில் மூன்று வாரத்தில் வலி மதிப்பெண் 14.7 சதவீதம்தான் குறைந்தது; போலி மருந்தில் 7.2 சதவீதம். வேறு எதற்கும் அடங்காத வலியோடு வந்தவர்களுக்கு இதுவும் பெரிய உதவிதான். ஆனால் 1,000 மடங்கு என்ற சொல் உங்கள் மனதில் எழுப்பிய எதிர்பார்ப்புக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

கொடுக்கும் முறையையும் நினைக்க வேண்டும். இது பெப்டைடு, விழுங்கினால் சாப்பாட்டுப் புரதத்தோடு சேர்ந்து செரித்துப் போகும். ரத்தத்தில் ஏற்றினால் தண்டுவடத்துக்குப் போய்ச் சேராது, ரத்த அழுத்தத்தைத்தான் இறக்கிவிடும். ஆகவே தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் மெல்லிய குழாய் வைத்து, பம்ப் மூலம் சொட்டுச் சொட்டாக, நாள் முழுக்கச் செலுத்த வேண்டும். பம்பைப் பொதுவாக வயிற்றுத் தோலுக்கு அடியில் பதிப்பார்கள். பம்பை நிரப்பவும், அளவை மாற்றவும், கிருமித் தொற்று வராமல் பார்க்கவும் பழகிய ஒரு குழு பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து குப்பியை மட்டும் வரவழைத்தால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பக்கவிளைவுகளை மறைக்க மாட்டேன். தலைசுற்றல், குமட்டல், நடை தடுமாற்றம், மறதி, குழப்பம், சிலருக்கு இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதும். மனநிலையைக் கடுமையாகப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை மருந்தின் குறிப்பிலேயே கட்டம் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். முன்பு மனச்சிதைவு மாதிரியான நோய் இருந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மார்ஃபின் உட்பட மற்ற வழிகளை முயன்றும் வலி அடங்காதவர்களுக்கு, அல்லது அவற்றைத் தாங்க முடியாதவர்களுக்குத்தான் இந்த மருந்து. உங்கள் அப்பா மார்ஃபினையே இன்னும் சரியான அளவில் எடுத்துப் பார்க்கவில்லை. உங்கள் டாக்டர் ஒரே வரியில் முடித்தது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். ஆனால் அவர் தவறாகச் சொல்லவில்லை.

தம்பி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். அந்தமான் கடலில் கோனஸ் ஜியோகிராஃபஸ் உண்டு. மனிதர்களுக்கு மிக ஆபத்தான கூம்பு நத்தை அது. பதிவான மரணங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே இனத்தால் வந்தவை. இந்தோனேசியாவின் பண்டா தீவில் கையில் நத்தையை எடுத்த ஓர் அடிமைப் பெண் இறந்துபோனதை ரம்ஃபியஸ் என்ற இயற்கை ஆய்வாளர் எழுதிவைத்தார். அது 1705-ல் அச்சில் வந்தது. 1935-ல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் 27 வயது இளைஞர் ஒருவர், ஓட்டின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது உள்ளங்கையில் குத்துப்பட்டு, சில மணி நேரத்தில் இறந்தார். அகலமான முனையைப் பிடித்தால் குத்தாது என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். அந்த மூக்கு ஓட்டின் எந்தப் பக்கத்துக்கும் வளைந்து வரும்.

இன்னொன்றையும் 2014-ல் கண்டுபிடித்தார்கள். இந்த நத்தை வேட்டைக்கு ஒரு விஷமும் தற்காப்புக்கு வேறு விஷமும் வைத்திருக்கிறது. இரண்டும் விஷக்குழாயின் வெவ்வேறு பகுதிகளில் சுரக்கின்றன. தசையை முடக்கும் பெப்டைடுகள் மிகுந்திருப்பது தற்காப்பு விஷத்தில்தான். கையில் எடுக்கும் மனிதனுக்குக் கிடைப்பது அதுதான். குத்திய இடத்தில் பெரிய வலிகூட இருக்காது; மரத்துப்போகும். அப்புறம் பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. மூச்சுக் கருவியில் வைத்து விஷம் இறங்கும் வரை காப்பாற்றுவதுதான் ஒரே வழி. அதற்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும். அந்தமானில் உள்ளவர்களுக்கும் பயன்படட்டும் என்று சொல்கிறேன்: குத்துப்பட்டவரை நடக்க விடாதீர்கள். அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை, சுளுக்குக்குச் சுற்றும் இறுக்கத்தில், கை அல்லது கால் முழுக்கச் சுற்றி, ஒரு சட்டம் வைத்து அசையாமல் கட்டுங்கள். ரத்த ஓட்டம் நிற்கும்படி கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மூச்சு நின்றால் செயற்கை மூச்சைக் கொடுத்துக்கொண்டே கொண்டு போங்கள்; நிறுத்த வேண்டாம்.

நம் மன்னார் வளைகுடாவிலும் கூம்பு நத்தைகள் பல இனங்கள் உண்டு. தென்கிழக்குக் கரையில் எடுத்த கோனஸ் அமாடிஸ் என்ற நத்தையின் விஷத்தை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ந்து, டெல்டா வகைப் பெப்டைடு ஒன்றை 2003-ல் வெளியிட்டார்கள். ராமேஸ்வரம், கன்னியாகுமரி கடைகளில் விற்கும் வெற்று ஓடுகளால் ஆபத்து இல்லை. உயிருள்ளதைத்தான் தொடக்கூடாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காப் பகுதிக்குள் எதையும் எடுப்பது குற்றமும்கூட.

பஸ்பம் பற்றிச் சுருக்கமாக: விஷம் ஓட்டில் இல்லை, சதைக்குள் உள்ள குழாயில் இருக்கிறது. ஓடு வெறும் சுண்ணாம்பு. புடம் போட்டால் எந்தப் பெப்டைடும் மிஞ்சாது. அப்பாவுக்கு வலி குறையாது.

அம்மாவைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ஜியோகிராஃபஸ் ஈட்டி எறிவதோடு இன்னொரு விதமாகவும் மீன் பிடிக்கும்: வாயை வலையாக விரித்து மீன்களை உள்ளே வாங்கிக்கொள்ளும். அப்போது மீன்கள் ஓடாமல் மந்தமாக இருப்பதற்கு ஒரு காரணம் இன்சுலின் என்று ஹெலனா சஃபாவி-ஹேமாமி என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் 2015-ல் காட்டினார்கள். நத்தையின் விஷத்தில் இருப்பது நத்தைக்கே உரிய இன்சுலின் மட்டும் அல்ல, மீனின் இன்சுலினைப் போலவே அமைந்த ஒன்று. மீனின் ரத்தச் சர்க்கரை சட்டென்று சரிந்து அது துவண்டு விடுகிறது. அதே நத்தை, சர்க்கரையை மறுபடி ஏற்றும் குளுக்ககான் ஹார்மோனை அடக்க வேறொரு பெப்டைடையும் வைத்திருப்பது 2024-ல் தெரியவந்தது. இறக்கி விடுவதோடு, ஏற விடாமலும் பார்த்துக்கொள்கிறது.

மருத்துவத்துக்கு இதில் என்ன கிடைக்கும் என்றால், நம் இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகச் சேர்ந்து நிற்கும். ஊசி போட்டதும் அவை தனித்தனியாகப் பிரிந்தால்தான் வேலை தொடங்கும். நத்தை இன்சுலினில் அப்படி ஒட்டிக்கொள்ளக் காரணமான வால் பகுதியே இல்லை. அதனால் உடனே வேலை செய்யும். அந்த அமைப்பைப் பார்த்து மனித இன்சுலினைத் திருத்திச் செய்த ஒரு வடிவம் 2020-ல் வெளியானது. எலிகளில் நன்றாக வேலை செய்திருக்கிறது. மருந்துக் கடைக்கு வரவில்லை. அம்மா இப்போது போடுகிற மருந்தில் எந்த மாற்றமும் வேண்டாம்.

கடைசியாக அப்பாவுக்கு இப்போது என்ன செய்யலாம் என்பது. வலிக்காக, மேற்பார்வையோடு கொடுக்கும் மார்ஃபினில் போதைக்கு அடிமையாவது மிக அரிது. உடம்பு பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. அது வேறு, போதை மயக்கம் வேறு. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், தானாகக் குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. ஆகவே மார்ஃபினோடு கூடவே தினமும் மலமிளக்கி வேண்டும். அதை எழுதிக் கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். 12 மணி நேர மாத்திரைக்கு நடுவில் வலி எகிறினால் போடுவதற்கு, சீக்கிரம் வேலை செய்யும் மார்ஃபினையும் தனியாக எழுதித் தருவார்கள். மூச்சு மிக மெதுவாகிவிட்டாலோ, எழுப்பியும் எழ முடியாத தூக்கமாக இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் ஊரில் மார்ஃபின் தொடர்ந்து கிடைப்பதில் சிரமம் இருந்தால், நோய்த்தணிப்புப் பிரிவு உள்ள மருத்துவமனையை நாடுங்கள். மார்ஃபின் வைத்துக் கொடுப்பதற்கான உரிம நடைமுறையை 2014-ல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கியிருக்கிறார்கள்.

எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலிக்குக் கதிர்வீச்சு மிக நல்ல வைத்தியம். பல பேருக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு தடவை கொடுத்தால் போதும். பலன் தெரிய ஓரிரண்டு வாரம் ஆகலாம், முதல் சில நாள் வலி சற்றுக் கூடவும் செய்யலாம். அப்பாவுக்கு அது ஏற்றதா என்று அடுத்த முறை கட்டாயம் கேளுங்கள். நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை.

முதுகெலும்புக்குப் பரவியிருப்பதால் ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அப்பாவுக்குக் கால் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாமல் போனாலோ, முதுகு வலி திடீரென்று வேறு மாதிரி கூடினாலோ, தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருள் கொள்ளலாம். அது ராத்திரி 2 மணியானாலும் காலை வரை காத்திருக்காமல், அப்போதே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய விஷயம்.